கியர்பாக்ஸ் மவுண்ட் விரிசல்: தகட்டைத் தடிமனாக்க வேண்டாம்

என்ஜினுக்கு ரப்பர் மவுண்ட், கியர்பாக்ஸை மட்டும் கிராஸ்மெம்பரில் (சேஸியின் இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) நேரடியாக போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறீர்கள். கரடுமுரடான பாதையில் ஓட்டியதும் கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்ட் தகடு விரிசல் விட்டுவிட்டது. அடுத்து 10 மி.மீ. தகடு போடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். மேடு பள்ளத்தில் சேஸி முறுக்கும், என்ஜின் ரப்பரில் ஆடும், பின்பக்கம் மட்டும் அசையாது. தகட்டை இன்னும் கெட்டியாக்கினால் அடுத்து உடைவது கியர்பாக்ஸின் அலுமினிய உறைதான். அங்கேயும் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் புஷ் (அசைவை வாங்கிக்கொள்ளும் மென்மையான உருளை) வேண்டும்.

கிராஸ்மெம்பரைச் சேஸியோடு வெல்டு செய்யாதீர்கள், கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும் நாளில் அழுவீர்கள். போல்ட் போடுங்கள், சேஸி பெட்டி வடிவம் என்றால் துளைக்குள் குழாய்த்துண்டு வைத்து வெல்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் இறுக்கும்போது சுவர் நசுங்கும்.

வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே கியர்பாக்ஸை ஜாக்கால் தாங்கிக் கோணத்தைப் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் சுழல் தண்டின் இரு முனையிலும் ஒற்றை யுனிவர்சல் ஜாயின்ட் (கோணத்திலும் சுழலும் மூட்டு) என்றால் கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டும் பின் அச்சின் பினியனும் (சுழற்சியை உள்வாங்கும் பல்சக்கரத் தண்டு) இணையாக இருக்க வேண்டும். அப்புறம் மவுண்டுக்கு டாக் வெல்டு (இடம் மாறாமல் பிடிக்கும் சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் வைத்துக் கழற்றி, புஷ்ஷை எடுத்துவிட்டு முழு வெல்டு. நான் எடுக்காமல் செய்து ரப்பரைக் கருக்கியவன். பேட்டரி வயரையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள்.