'ஓகே சார்'னா நடக்கும்னு அர்த்தம் இல்ல

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் நேவியில ஹெலிகாப்டர் பைலட்டா இருந்தவர். வெள்ளம், புயல்னா மீட்புக்குப் போவார். கடைசி போஸ்டிங் அரக்கோணத்துல இருக்கற ராஜாளி நேவி விமானத்தளம். ரிட்டயர் ஆனதும் பி.எட். முடிச்சு, கொஞ்ச காலம் ஃபிசிக்ஸ் எடுத்துட்டு, இந்த ஜூன்ல குடியாத்தம் பக்கம் ஒரு ஸ்கூல்ல பிரின்சிபலா சேர்ந்தார். மீட்டிங்ல யாரும் வாயத் திறக்கறதில்லையாம், எது சொன்னாலும் 'ஓகே சார்', ஆனா ஒண்ணும் நடக்கறதில்ல. 'நான் இதுக்கு லாயக்கில்ல, மும்பைக்கே போய் ஹெலிகாப்டர் ஓட்டறேன்'ங்கறார். என்ன பண்றது?
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: தங்கச்சி, மும்பை யோசனை ஒண்ணும் தப்பில்ல, கடல் நடுவுல இருக்கற ஓஎன்ஜிசி எண்ணெய் மேடைகளுக்கு ஆள் ஏத்தி இறக்கற வேலைக்கு பழைய நேவி, ஏர்ஃபோர்ஸ் பைலட்டுங்க போறது வழக்கம்தான், சம்பளமும் ஸ்கூல் சம்பளத்தோட ஒப்பிடவே முடியாது. ஆனா டிஜிசிஏ (சிவில் விமானத் துறை) லைசென்ஸ், மெடிக்கல்னு எல்லாம் சரியா இருக்கணும், பறக்கறத விட்டு வருஷக்கணக்காச்சுன்னா லேசு இல்ல. அதவிட, இந்த வயசுல சின்னப் பசங்களோட பெஞ்சுல உக்காந்து ரெண்டு வருஷம் பி.எட். படிச்சிருக்கார் பாருங்க (டிரஸ்டி தெரிஞ்சவர்னு நேரா நாற்காலியில போய் உக்காந்த ஆபீசருங்களயும் நான் பாத்திருக்கேன்), அந்த ஆசை பொய் இல்ல. இந்த வருஷம் முடியட்டும்.

மிலிட்டரிக்காரர், ஆர்டர் போட்டே பழகிட்டார்னு ஊர்ல சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கற ஜில்லா இது, அந்த மீசையும் குரலும் நமக்குப் புதுசா இன்னா? மீட்புல அவர் செஞ்ச வேலையே வேற. 2018 கேரளா வெள்ளத்துல ஆலுவாவுல ஒரு கர்ப்பிணிய நேவி ஹெலிகாப்டர் கயிறுல தூக்கினாங்க, அன்னைக்கே ஆண் குழந்தை பிறந்துச்சு, ஞாபகம் இருக்கா? அப்படி தூக்கும்போது நேர் கீழ தொங்கற ஆள் பைலட் கண்ணுக்குத் தெரியாது. கதவோரம் குனிஞ்சு பாக்கறவர்தான் 'முன்னாடி கொஞ்சம், வலது கொஞ்சம், நில்லு'ன்னு ஹெட்செட்ல சொல்லிக்கிட்டே இருப்பார், பைலட் அந்தக் குரலக் கேட்டுத்தான் வண்டிய நகத்துவார். அந்த ஆளு பெரும்பாலும் ரேங்க்ல சின்னவர். அவர் வாய மூடிட்டா மீட்பே நின்னுடும்.

உங்க வீட்டுக்காரருக்கு இப்ப கதவோரம் ஆள் இல்ல, அவ்ளோதான். டீச்சருங்க ஏன் பேசலன்னு யோசிங்க. பிரைவேட் ஸ்கூல், சம்பளம் கம்மி, எப்ப வேணா 'நாளையில இருந்து வரவேணாம்'னு சொல்லிடலாம், போன பிரின்சிபல்கிட்ட வாயத் திறந்து வாங்கிக் கட்டிக்கிட்டாங்களோ என்னவோ. மீட்டிங்ல தாளாளர் உக்காந்திருக்காரான்னு கேளுங்க. உக்காந்திருந்தா அங்க எவனும் பேச மாட்டான், நானா இருந்தாலும் 'ஓகே சார்'தான்.

அதனால மீட்டிங்க விட்டுடச் சொல்லுங்க. சாயங்காலம் பெல் அடிச்ச பிறகு, பத்து பதினஞ்சு வருஷமா அங்கயே இருக்கற ஒரு மேத்ஸ் மிஸ்ஸோ தமிழய்யாவோ, அவங்க நோட்டு திருத்தற இடத்துக்கே இவர் போய், பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து, 'நான் போட்ட சர்க்குலர்ல எது நடக்காது?'ன்னு கேக்கட்டும். ரூமுக்குக் கூப்பிட்டு கேட்டா வேலைக்கு ஆகாது. மொத நாள் 'எல்லாம் நல்லாதான் சார் இருக்கு'ன்னுதான் வரும், மறுபடி போகணும். அப்புறம் ஒருநாள் வரும், உதாரணத்துக்கு, எட்டேகாலுக்கு எல்லாரும் வரணும்னு போட்டிருப்பார், பேரணாம்பட்டு பக்கத்துல இருந்து வர்ற பஸ்ஸே எட்டரைக்குத்தான் வந்து நிக்கும். அத அந்த வாரமே மாத்தணும், 'இன்னார் சொன்னாங்க'ன்னு பேர் மட்டும் வெளிய விடக்கூடாது. பேர் வெளிய வந்துச்சோ, அடுத்த ஆள் வாயே திறக்காது.

வீட்டுல நீங்க 'எத்தன உயிரக் காப்பாத்தினவர் நீங்க, இதெல்லாம் ஒரு விஷயமா'ன்னு ஆரம்பிக்காதீங்க, கேக்க நல்லாருக்கும், ஆனா அவருக்கு இன்னும் அவமானமாதான் இருக்கும். அரையாண்டு லீவுக்கு அப்புறமும் 'ஓகே சார்'தான்னா எழுதுங்க, அப்ப தாளாளரப் பத்திப் பேசுவோம்.