அரையிடுக்குக் கடியும் ஆண்களின் கூச்சமும்: கேள்வி பதில்

ஆண்களின் அந்தரங்கச் சுத்தம் பற்றி வந்த கேள்விகளுக்குத் தோல்நோய் வைத்தியராக இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்களை நீக்கிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் முதற் பதில் நீளமாகிவிட்டது.

சுன்னாகம், ஓட்டோ சாரதி, வயது 29: டொக்டர், ஆறு மாதமாகத் தொடையிடுக்கில் வட்டம் வட்டமாகக் கடிக்கிறது. பாமசியில் தந்த கிறீமைப் பூசினால் இரண்டு நாளில் அடங்குகிறது. விட்டால் முன்பைவிட அதிகமாக வருகிறது.

தம்பி, அந்த டியூப்பைத் திருப்பிச் சிறிய எழுத்துகளைப் பாருங்கள். குளோபிற்றசோல் அல்லது பீற்றாமெதசோன் என்று இருந்தால் அது ஸ்டீரோயிட். உங்களுக்கு இருப்பது அநேகமாகப் படர்தாமரை, அதாவது பங்கசுத் தொற்று. ஸ்டீரோயிட் சிவப்பையும் கடியையும் அடக்கிவிடும். ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்குவதால் பங்கசு நிம்மதியாகப் பரவும். இப்படி வருபவர்களின் தொடையைப் பார்த்தால், படர்தாமரைக்கே உரிய தடித்த செதில் ஓரம் மங்கிப்போய், தோல் மெலிந்து, ஊதா நிறக் கோடுகள் விழுந்திருக்கும். அந்தக் கோடுகள் முழுதாக மறைவதில்லை. ஸ்டீரோயிட் உட்பட மூன்று மருந்துகளை ஒரே டியூப்பில் கலந்து, வைத்தியரின் சிட்டை இல்லாமல் விற்பதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

அந்தக் கிறீமை நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில நாட்களுக்குக் கடி கூடும். பயந்து மீண்டும் பூசாதீர்கள். புதிதாக வந்த படர்தாமரை என்றால் குளோற்றிமசோல் போன்ற, பங்கசுக்கு மட்டுமான பூச்சு மருந்தை நாளுக்கு இரண்டு தடவை, ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்ரிமீற்றர் வரை பூசி, தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்தால் போதும். உங்களுடையது ஆறு மாதம் ஸ்டீரோயிட் பட்ட தோல். அதற்குக் குளிசையும் தேவைப்படலாம் என்பதால் தோல்நோய் கிளினிக்கில் காட்டுங்கள்.

கால்விரல் இடுக்குகளையும் பாருங்கள். அங்கே தோல் வெள்ளையாக ஊறிப்போயிருந்தால் அது சேற்றுப்புண். உள்ளாடை போடும்போது அந்தப் பங்கசு பாதத்திலிருந்து தொடைக்கு ஏறிவிடும். இரண்டுக்கும் ஒன்றாக மருந்து பூசுங்கள். உள்ளாடைக்கு முன் காலுறையைப் போடுங்கள். ரெக்சின் இருக்கையில் நாள் முழுதும் இருப்பவர் நீங்கள். பருத்தி உள்ளாடை ஒன்றை மேலதிகமாக வைத்திருந்து மதியம் மாற்றுங்கள். துவாயை யாருடனும் பகிர வேண்டாம். இன்னொன்று: நம் வீடுகளில் உள்ளாடையைக் கொடியில் துவாய்க்கு அடியில் மறைத்துப் போடுவார்கள். அது ஈரம் முழுதாகப் போகாமல் அப்படியே திரும்ப இடுப்புக்கு வருகிறது. நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோப்பாய், வயது 22: எந்தச் சவர்க்காரம் நல்லது? டெற்றோல் விட்டுக் கழுவலாமா?

டெற்றோல் வேண்டவே வேண்டாம். விதைப்பையின் தோல் மிக மெல்லியது. எரிந்து, உரிந்து, புண்ணாகிவிடும். நாளுக்கு ஒரு தடவையும் நன்றாக வியர்த்த பிறகும் கழுவினால் போதும். அரையிடுக்குக்கு வாசனை குறைந்த சவர்க்காரம். முன்தோலை மெதுவாகப் பின்னிழுத்து, உள்ளே சேரும் வெண்படிவை வெறும் நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, தோலை மீண்டும் முன்னே கொண்டுவந்துவிடுங்கள். பின்னே விட்டால் நுனி வீங்கி இறுகிவிடலாம். தோல் திரும்பி வராவிட்டால் விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நம் யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. சவர்க்காரம் நுரைக்காமல் பிசுபிசுவென்று தோலிலேயே தங்கும். ஆகவே குறைவாகப் போட்டு, இன்னும் இரண்டு வாளி நீர் ஊற்றுங்கள்.

மானிப்பாய், ஒரு தாய்: நான்கு வயது மகனுக்கு முன்தோல் பின்னே போகவில்லை. குளிப்பாட்டும்போது தினமும் இழுத்துவிடச் சொல்கிறார்கள்.

இழுக்காதீர்கள் அம்மா. அந்த வயதில் ஒட்டியிருப்பது இயல்பு. வளர வளரத் தானாக விடும், சிலருக்குப் பதின்ம வயதுவரை ஆகும். பலவந்தமாக இழுத்தால் கிழிந்து, தழும்பாகி, உண்மையாகவே இறுகிவிடும். வெளிப்புறம் கழுவினால் போதும். சிறுநீர் நூல்போல வந்தாலோ, வலியோ வீக்கமோ அடிக்கடி வந்தாலோ காட்டுங்கள்.

பருத்தித்துறை, வயது 56: முன்தோல் வெடித்து எரிகிறது. வெள்ளையாகப் படிகிறது. கழுவக் கழுவத் திரும்ப வருகிறது.

ஐயா, முதலில் இரத்தத்தில் சீனியைப் பாருங்கள். இது கன்டிடா பங்கசு போலத் தெரிகிறது. நீரிழிவு இருப்பதே இந்த வெடிப்பால்தான் சிலருக்குத் தெரியவருகிறது. ஏற்கெனவே நீரிழிவுக்கு எம்பாகிளிபுளோசின் வகைக் குளிசை எடுப்பவர் என்றால், அது சீனியைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் இந்தத் தொற்று வர இடமுண்டு. குளிசையை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

குருநகர், வயது 41: இரவில்தான் கடி. ஆணுறுப்பில் சிறு கட்டிகள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கடிக்கிறது.

வீடு முழுவதும் இரவில் கடித்தால் சொறிப்பூச்சியை நினைக்க வேண்டும். பேர்மெத்ரின் கிறீமை வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து பாதம்வரை பூசி, காலையில் கழுவி, ஒரு வாரத்தில் மீண்டும் பூசுங்கள். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் முன்கூட்டியே வைத்தியரைக் கேளுங்கள். படுக்கை விரிப்பு, சாரம் எல்லாவற்றையும் சுடுநீரில் தோய்க்க வேண்டும். பூச்சி செத்த பிறகும் சில வாரங்கள் கடி இருக்கும்.

திருநெல்வேலி, வயது 33: நல்லூர்த் திருவிழாவில் அங்கப்பிரதட்சணை செய்வேன். ஈர வேட்டியால் தொடை உரசிப் புண்ணாகிறது.

போகும் முன் உட்தொடையில் வசிலின் தடவுங்கள். நேர்த்தி முடிந்ததும் குளித்து உடனே உலர்ந்த வேட்டிக்கு மாறுங்கள். புண் மேல் பவுடர் போடாதீர்கள். வியர்வையில் கட்டியாகி மேலும் உரசும்.

சாவகச்சேரி, வயது 26: ஆணுறுப்பின் மொட்டைச் சுற்றி வரிசையாகச் சிறு முத்துப் பருக்கள். வலியில்லை. பாலியல் நோயா?

ஒரே அளவில், விளிம்பைச் சுற்றி ஒழுங்காக இருந்தால் அது இயல்பான உடலமைப்பு, நோயன்று. கிள்ளாதீர்கள், எதுவும் பூசாதீர்கள்.

ஊர் குறிப்பிடாதவர்: ஒரு பாலுறவுக்குப் பிறகு ஆணுறுப்பில் ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை, ஆறிவிட்டது. விடலாமா?

விடாதீர்கள். சிபிலிஸ் என்னும் பாலியல் நோயின் புண் வலிக்காது, சில வாரங்களில் தானாகவும் ஆறிவிடும்; கிருமி உடலுக்குள் இருக்கும். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, பெனிசிலின் ஊசியால் குணப்படுத்தலாம். யாழ் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. கட்டணம் இல்லை, விபரம் வெளியே போகாது. துணையையும் அழைத்துச் செல்லுங்கள்.