சீட்டாட்டத்தைத் தொழிலாகக் கொள்ளுதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு வயது 26. எட்டு மாதங்களாக இரவு நேரத்தில் போக்கர் ஆடுகிறான். சம்பளத்தைவிட அதில் அதிகம் வருகிறது என்கிறான். இப்போது வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் ஆடப்போவதாகச் சொல்கிறான். சூதாட்டம் என்று நாங்கள் சொன்னால், இது திறமையாட்டம், கணக்குத் தெரிந்தவன் தோற்க மாட்டான் என்று வாதாடுகிறான். அவன் சொல்வது உண்மையா? அவனிடம் நான் எப்படிப் பேசுவது? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை. போக்கரில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பணம் வைத்து ஆடுகிறார்கள் என்பதால், எதிரே இருப்பவரைவிடத் தொடர்ந்து நல்ல முடிவுகளை எடுப்பவர் நெடுங்காலத்தில் முன்னே வர முடியும். கணக்குத் தெரிந்தவன் தோற்க மாட்டான் என்பது மட்டும் தவறு. அவனும் தோற்பான், சில சமயம் மாதக்கணக்கில் தோற்பான். அந்த மாதங்களிலும் வாடகை கொடுத்து, நிதானம் குலையாமல், சரியான ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருக்க முடிகிறவர்தான் தொழில்முறை ஆட்டக்காரர்.

பரவலாக ஆடப்படும் போக்கரில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள்; இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் வெல்வார். கையில் வரக்கூடிய அந்த இரண்டு சீட்டுகளில் மிகச் சிறந்தது ஏஸ் ஜோடி. சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒரு முறைதான் அது வரும். எதிராளியிடம் கிங் ஜோடி இருந்து, இருவரும் கையிலுள்ள முழுத் தொகையையும் வைத்துவிட்டார்கள் என்று கொள்வோம். அப்போதும் ஏஸ் வைத்திருப்பவர் 100-க்கு ஏறத்தாழ 18 முறை தோற்பார். அவர் செய்த பிழை எதுவும் இல்லை, ஆனாலும் பணம் போய்விடும். அதே சமயம், தவறாக ஆடியவருக்குப் பணம் வந்து சேர்வதும் இதே அளவுக்கு இயல்பானது என்பதால், எட்டு மாத லாபத்தைக் கொண்டு ஒருவரின் திறமையை அளப்பதற்கு நான் அஞ்சுகிறேன். 2017 ஜனவரியில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரலை நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதவிட்ட ஆய்வாளர்கள், 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடவைத்தார்கள். அதைவிட மிகக் குறைவாக ஆடியிருந்தால், வந்த முடிவு அதிர்ஷ்டத்தால் வந்ததா என்ற ஐயம் தீர்ந்திருக்காது.

அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர் ஸ்டூ உங்கரின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. லாஸ் வேகாஸில் நடக்கும் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 என மூன்று முறை வென்றவர் அவர். 1997-இன் கடைசி ஆட்டத்தில் அவரிடம் ஏஸும் நான்கும் இருந்தன. எதிராளி ஜான் ஸ்ட்ரெம்பிடம் ஏஸும் எட்டும். நடுவில் ஏஸ், ஐந்து, மூன்று என விரிந்ததும் இருவர் பணமும் மேசைக்கு வந்துவிட்டது. இருவருக்கும் ஏஸ் ஜோடி அமைந்திருந்தாலும், எட்டு நான்கைவிடப் பெரியது என்பதால் அந்த நிலையில் பின்தங்கியிருந்தவர் உங்கர்தான். நான்காவது சீட்டாக இன்னொரு மூன்று வந்தது. மிச்சமிருந்த 44 சீட்டுகளில் அவரை வெல்லவைக்கக்கூடியவை ஏழே ஏழு. கடைசிச் சீட்டு இரண்டாக வந்து, ஏஸை ஒன்றாகக் கொண்டு ஒன்று முதல் ஐந்து வரை வரிசை சேர்ந்து, அவர் வென்றார். தலைசிறந்தவர் என்று பலரும் கருதும் ஆட்டக்காரருக்கே அந்தத் தருணம் ஒரு சீட்டின் தயவில்தான் இருந்தது.

பரிசு 10 லட்சம் டாலர். ஆனால் போட்டியில் சேர்வதற்கான 10,000 டாலர்கூட உங்கர் கையில் இல்லை. அதைக் கட்டிய பில்லி பாக்ஸ்டருக்குப் பரிசில் பாதி போனது. அடுத்த ஆண்டு நவம்பரில், 45 வயதில், ஒரு விடுதி அறையில் உங்கர் இறந்து கிடந்தார். போதைப் பழக்கமும், சீட்டுக்கு வெளியே அவர் வைத்த பந்தயங்களும் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தன. சீட்டு மேசையில் அவருக்கிருந்த அறிவு, எழுந்து வெளியே வந்த பிறகு துணைக்கு வரவில்லை.

இதனால்தான் பரிசுத் தொகைகளைப் பார்த்து ஆசைப்படக் கூடாது என்கிறேன். தொழில்முறை ஆட்டக்காரரான டேனியல் நெக்ரானு தம் ஆண்டுக் கணக்கைத் தாமே வெளியிடுபவர். 2017-இல் அவர் போட்டிகளில் ஏறத்தாழ 28 லட்சம் டாலர் பரிசு பெற்றார். நுழைவுத் தொகைகளைக் கழித்தபோது அந்த ஆண்டு அவருக்கு நட்டம்.

இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள். ஆட்டத்தை நடத்துபவர்கள் தங்கள் கட்டணத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதைத்தான் ஆட்டக்காரர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆகவே சமமான திறமையுள்ளவர்கள் ஒரே மேசையில் நெடுநாள் ஆடினால் எல்லோருமே நட்டப்படுவார்கள். தம்பியின் வருமானம் தம்மைவிடத் திறமை குறைந்தவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டே இருப்பதைப் பொறுத்தது. அவர்களிலும் யாரோ ஒருவருடைய அக்கா இதே போன்ற கடிதம் எழுதக்கூடும் என்ற எண்ணம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சில ஆண்டுகள் இதையே தொழிலாகக் கொண்டிருந்த நண்பர் ஒருவர் ஒருமுறை தம் கணக்கு நோட்டை என்னிடம் காட்டினார். நாள், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், கொண்டுபோன தொகை, கொண்டுவந்த தொகை என்று கோடு போட்டுப் பிரித்திருந்தார். கடைசிப் பத்தியின் தலைப்பு, ‘ஏன் எழுந்தேன்’. பெரும்பாலான நாட்களுக்கு நேராகத் ‘தூக்கம்’ என்றிருந்தது. சில நாட்களுக்குக் ‘கோபம்’. கோபம் வந்த நாளில் விட்டதைப் பிடிக்க உட்காராமல் எழுந்துவிட்டதுதான் தமக்குச் சோறு போட்டது என்றார். வீட்டுச் செலவுக்கான பணத்தையும் ஆட்டத்துக்கான பணத்தையும் அவர் ஒருபோதும் கலந்ததில்லை.

தம்பியைத் தடுக்க முயலாதீர்கள். 26 வயதுக்காரரைத் தடுத்தால் ஒளிந்து ஆடுவார். பக்கத்தில் உட்கார்ந்து, இந்த எட்டு மாதக் கணக்கைத் தேதிவாரியாகக் காட்டச் சொல்லுங்கள். நீ தப்பாக ஆடியும் வென்ற ஆட்டம் ஒன்றைச் சொல் என்று கேளுங்கள். உடனே நாலைந்தைச் சொல்வாரானால், அவர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். வேலையை வைத்துக்கொண்டே இன்னும் ஓரிரு ஆண்டுகள் ஆடட்டும். அப்படி ஒன்றும் இல்லை என்றாலோ, கணக்கே எழுதவில்லை என்றாலோ, இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். அது நிரம்பும்வரை வேலையை விடுவதில்லை என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.