யானைக்கு எறிந்த வேல்

கேள்வி: பழங்கால வீரர்களைப் போல வாக்குத் தவறாமல் வாழ ஆசைப்பட்டு, ஐந்து சபதங்கள் எடுத்தேன்: அதிகாலை எழுவது, உடற்பயிற்சி, புது மொழி, போட்டித் தேர்வு, கைபேசியைக் குறைப்பது. பன்னிரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. என்னைக் கோழை என்றே நினைக்கிறேன். வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுகிறேன். என்ன செய்வது?

பதில்: சொன்ன சொல்லை நீங்கள் இவ்வளவு பெரிதாக மதிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் வீரர்கள் எப்படிச் சபதம் செய்தார்கள் என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

புறநானூற்றின் 72-ஆம் பாட்டு, பாண்டியன் நெடுஞ்செழியனின் வஞ்சினம், அதாவது போருக்கு முன் அவன் செய்த சபதம். 'சின்னப் பையன்' என்று பகைவர்கள் ஏளனம் செய்ததும் அவன் சொல்கிறான்: இவர்களைத் தாக்கி, முரசோடு சேர்த்துப் பிடிக்காவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், கேட்டு வருபவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை என்னைச் சேரட்டும். தலையாலங்கானத்தில் அவன் வென்றான்.

ஒரே ஒரு போர். வென்றானா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்ல, பகைவரின் முரசு. நீங்களோ ஒரே நாளில் ஐந்து போர்முனைகளைத் திறந்துவிட்டீர்கள். 'தினமும் அதிகாலை எழுவேன்' என்ற சபதத்தில் வெல்லும் நாள் என்று ஒன்று வரவே வராது. தோற்கும் நாள் மட்டும் எப்போது வேண்டுமானாலும் வரும். அவன் பலர் அறியச் சொன்னான். நீங்கள் யாருக்கும் தெரியாமல் சபதம் எடுத்து, யாருக்கும் தெரியாமல் உடைத்து, தனியே உங்களைத் தண்டித்துக்கொள்கிறீர்கள்.

தவறிப்போனதற்குக் குறளில் இடம் இருக்கிறது. 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது.' முயலை வீழ்த்திய அம்பைவிட, யானைக்குக் குறி தவறிய வேலை ஏந்துவது இனிது. வேல் தவறியும் அதைக் கையில் ஏந்தி நிற்பவனைத்தான் வள்ளுவர் புகழ்கிறார். அந்தச் சில நாள்களில் கற்ற மொழி உங்களிடம்தானே இருக்கிறது?

வீர அறம் முழுவதும் நமக்கு ஆகாது. வெண்ணிப் போரில் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, சேர மன்னன் ஒருவன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல், உயிர்விட்டான். அதைச் சொல்லும் புறநானூற்றுப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் மனம் கலங்குகிறது. ஆனால் அந்த அளவுகோலை உங்கள்மீது வைக்காதீர்கள். உங்கள்மீதே உள்ள இந்த வெறுப்பு நீடித்தால் நம்பிக்கையான ஒருவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அவசியம் பேசுங்கள்.

அப்புறம், வீட்டில் எரிந்து விழுவது. போர் தொடங்குமுன், 'அம்பு விடப்போகிறோம், பாதுகாப்பான இடம் சேருங்கள்' என்று பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் முதுகுடுமி என்ற பாண்டிய மன்னனின் தரப்பு அறிவித்ததைப் புறநானூறு பாடுகிறது. நீங்களும் முன்கூட்டியே சொல்லுங்கள்: மாலை 6 முதல் 7 வரை படிப்பேன் என்று. மற்ற நேரம் அவர்களோடு இருங்கள்.

சரி, இன்று ஐந்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். தேர்வு என்றால், மாதக் கடைசிக்குள் ஒரு பழைய வினாத்தாளுக்கு முழுவதும் விடை எழுதி முடிப்பது. அதுதான் உங்கள் முரசு. உங்களை மதிக்கும் ஒருவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். முடித்ததும் அந்தத் தாளை எடுத்துப்போய் அவரிடம் காட்டுங்கள்.