துண்டு வெட்டிய பிறகு

மதிப்புக்குரிய ரீச்சர்,

நான் கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். உங்கள் கட்டுரைகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்து, வர்த்தமானி பார்த்து விண்ணப்பித்து, தாதியர் கல்லூரிக்குத் தெரிவானேன். எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போன முதல் பிள்ளை நான்தான். கோயிலில் மாலை போட்டு அனுப்பினார்கள். மருந்தியலில் தவறினேன். மீள்பரீட்சையிலும் தவறினேன். பிறகு உடற்கூற்றியலும் கைவிட்டுப் போனது. இப்போது கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

வார்டில் எனக்கு ஒருநாளும் பயம் இருக்கவில்லை. பரீட்சை மண்டபத்தில்தான் கை நடுங்கியது. மருந்தின் அளவுக் கணக்குகளை அவ்வளவு நுணுக்கமாகக் கேட்பது அநியாயம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் வெளியே இறங்குவதில்லை. கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தால் பணம் அனுப்புவதாக லண்டனில் இருக்கும் சித்தப்பா சொல்கிறார். ஜப்பானுக்குப் போகலாம் வா என்கிறாள் தோழி. அம்மா கல்யாணம் பேசத் தொடங்கிவிட்டார். மாமாவோ வைத்தியசாலைச் சிற்றூழியர் வேலைக்கு, அல்லது முதியவர்களைப் பார்க்கும் வேலைக்குப் போகச் சொல்கிறார். ஆட்களைத் துடைத்துவிடவா ரீச்சர் நான் விஞ்ஞானம் படித்தேன்? நான் என்ன செய்ய வேண்டும்? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள பிள்ளை,

முதலில் வீட்டை விட்டு வெளியே இறங்கு. கடைக்குப் போ. யாராவது கேட்டால், ‘சோதனையில் தவறிவிட்டேன், நிற்பாட்டிவிட்டார்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வாங்கப்போன சீனியை வாங்கிக்கொண்டு வா. ஊர் இரண்டு கிழமை பேசும். பிறகு நெல் விலையைப் பேசப் போய்விடும். மாலை போட்டவர்கள் தங்கள் சந்தோஷத்துக்குப் போட்டார்கள். அதற்கு நீ வட்டி கட்டத் தேவையில்லை.

இனி ஏச்சு. மருந்துக் கணக்கைக் கேட்டது அநியாயம் என்று எழுதியிருக்கிறாய். காலமெல்லாம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவளுக்கு எழுதுகிற வசனமா இது? 500 மில்லிலீற்றர் சேலைனை நான்கு மணித்தியாலத்தில் ஏற்றி முடிக்க வேண்டும். குழாயில் 20 துளி விழுந்தால் ஒரு மில்லிலீற்றர். நிமிடத்துக்கு எத்தனை துளி விழவிட வேண்டும்? மொத்தம் 10,000 துளி, 240 நிமிடம். வகுத்தால் 42 துளி அளவில் வரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு. இதைப் பிழையாகச் செய்து குழாயைத் திறந்துவிட்டால், இதயம் பலவீனமான ஒரு கிழவிக்கு அந்தத் தண்ணீர் நுரையீரலில் போய்ச் சேரும். 0.5 மில்லிகிராம் என்று எழுதும்போது முன்னால் நிற்கும் பூச்சியத்தைப் போடாமல் விட்டால், புள்ளி மங்கிப்போய், இரவு முறைக்கு வரும் மிஸி அதை 5 என்று வாசிப்பாள். பத்து மடங்கு மருந்து. உன்னைத் தவறவிட்டவர் அந்தக் கிழவியின் பக்கம் நின்றிருக்கிறார். கை நடுங்கியது எனக்கு விளங்குகிறது. பழகினால் நடுக்கம் போகும். அநியாயம் என்ற பேச்சை மட்டும் விட்டுவிடு.

அடுத்தது, என்னை நித்திரை கொள்ளவிடாத வசனம். ‘ஆட்களைத் துடைத்துவிடவா நான் விஞ்ஞானம் படித்தேன்?’ இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கனகாலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வாயைக் கொடுத்ததால் உன் தலையில் விழுகிறது, பொறுத்துக்கொள்.

என் பெரியம்மாவின் மகனுக்கு 2009 இல் எறிகணைச் சிதறல் முதுகில் பட்டது. முள்ளந்தண்டு வடம் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்த காலத்தில் ஒரு வைத்தியசாலையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே கட்டிலிலும் ஆள், கட்டிலுக்குக் கீழே பாயிலும் ஆள். வைத்தியர்களைக் குறை சொல்ல மாட்டேன், காயத்தை ஆற்றினார்கள். ஒருநாள் காலையில், வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டிக் கையில் தந்தார்கள். அதில் கிளினிக் திகதி இருந்தது, குளிசைகளின் பெயர் இருந்தது. இந்த மனிதனை இனி எப்படிக் கிடத்துவது, எப்படித் திருப்புவது என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியம்மாவும் கேட்கவில்லை. இப்படி ஒன்று கேட்க இருக்கிறது என்பதே அவருக்கு அன்று தெரியாது.

சொன்னவள், வார்டைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு சிற்றூழியர் பெண். தும்புத்தடியைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு வந்தாள். பெரியம்மாவின் கையைப் பிடித்து, புறங்கையை அண்ணனின் வால் எலும்புக்கு மேலே வைத்தாள். பிறகு இடுப்பெலும்பு. பிறகு குதிக்கால். எந்த இடம் மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கிறது, எந்த இடத்தில் தோல் இறுகிப்போய் இருக்கிறது என்று தொட்டுப் பார்க்கச் சொன்னாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்தச் சொன்னாள். புத்தகங்கள் தோல் சிவக்கும் என்று சொல்லும். எங்களுடைய கறுத்தத் தோலில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? கண்ணுக்குப் புண்ணாகத் தெரியும்போது உள்ளே சதை செத்திருக்கும். அதனால்தான் அவள் புறங்கையைப் பழக்கினாள். இதெல்லாம் ஐந்து நிமிடம். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, தகரக் கொட்டிலில் தொடங்கிப் பிறகு கட்டிக்கொடுத்த கல்வீட்டிலும், பெரியம்மா அந்த ஐந்து நிமிடத்தை வைத்துத்தான் மகனைப் பார்த்தார். மலிவான கைத்தொலைபேசி ஒன்று இரவு பத்துக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நான்குக்கு அலறும். எழும்பி, இடப்பக்கம் கிடந்தவனை வலப்பக்கம் திருப்பி, முழங்கால்களுக்கு இடையில் மடித்த சாரத்தை வைத்து, விரிப்பின் சுருக்கத்தைக் கையால் இழுத்துவிட்டு, மறுபடி படுப்பார். உணர்வில்லாத உடம்பு ‘நோகிறது’ என்று சொல்லாது. விரிப்பில் ஒரு சட்டைப் பொத்தான் கிடந்தால் போதும், விடியும்போது அது புண்ணுக்கு அடித்தளம் போட்டிருக்கும். சிறுநீர்க் குழாயில் மாட்டிய பையை ஒருபோதும் இடுப்புக்கு மேலே தூக்கவிட மாட்டார். கலங்கலாக வந்தால், மணம் மாறினால், அன்றே ஓட்டோ பிடித்து வைத்தியசாலை. இப்படிப்பட்டவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும்தான் என்பதை அவர் எங்கும் படிக்கவில்லை. அயலில் இரண்டொரு சாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

ஒரு கிளினிக்கில் புதிதாக வந்த வைத்தியர் அண்ணனின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பயிற்சித் தாதிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். படுக்கைப் புண்ணின் தழும்பு ஒன்றுகூட இல்லை. அவர்கள் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டார்கள். பெரியம்மா பக்கத்தில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவரிடம் எப்படிச் செய்தாய் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? துடைத்துவிடுகிறவள்தானே.

நீ படித்த கல்லூரியின் சுவரில் புளோரன்ஸ் நைட்டிங்கேலின் படம் எங்கேயாவது தொங்கியிருக்கும். லண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதியர் பள்ளி தொடங்கியது 1860 இல். அதற்குச் சற்று முன்பே அவர் நோயாளர் பராமரிப்புப் பற்றி ஒரு சிறு நூல் எழுதிவிட்டார். அது தாதிகளுக்கான பாடநூலே இல்லை. வீட்டில் பிறருடைய உடல்நலத்தைப் பொறுப்பேற்றுப் பார்க்கும் சாதாரணப் பெண்களுக்காக என்று முன்னுரையிலேயே சொல்கிறார். படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் அது நோயின் குற்றமில்லை, பராமரிப்பின் குற்றம் என்றும் அதில் எழுதியிருக்கிறார். பெரியம்மாவுக்காக எழுதிய நூல் முதலில் வந்தது, உனக்காகக் கட்டிய பள்ளி பிறகு வந்தது. நாங்கள் பள்ளியைப் பிடித்துக்கொண்டு பெரியம்மாவை விட்டுவிட்டோம்.

இந்த நாட்டில் வீடு தேடிப் போகும் வைத்தியம் இல்லாமல் இல்லை. 1926 இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து, கர்ப்பிணியையும் குழந்தையையும் தேடி மருத்துவிச்சி வாசலுக்கு வருகிறார். இலங்கையில் பிரசவத்தில் தாய்மார் சாவது குறைந்ததில் அந்த மருத்துவிச்சியின் சைக்கிளுக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் ஊரில் குழந்தை பிறந்த வீட்டுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் வருவார். அடுத்த வீட்டில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கிடக்கும் அப்புவைப் பார்க்க யாரும் வருவதில்லை. போரில் காலை இழந்தவர்களுக்கும் இப்போது வயது போகிறது. நல்ல காலோடு கெந்திக் கெந்தி இருபது வருடம் சமாளித்தவருக்கு அந்தக் காலின் முழங்காலும் தேய்ந்துவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் அல்லது கொழும்பில். அவரைப் பார்ப்பவர் அவரைவிட இளைத்துப்போன மனைவி. வன்னியில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் இப்படி ஒரு கட்டில் கிடக்கிறது. அந்தக் கட்டிலுக்கு மருந்தியல் தெரிந்த ஆள் கிழமைக்கு ஒருமுறை வந்தால் போதும். திருப்பிக் கிடத்தத் தெரிந்த ஆள் ஒவ்வொரு நாளும் வேண்டும்.

அதனால்தான் எனக்கு உன் மேல் கோபம் வந்தது. உன் கடிதம் முழுக்க நீ, ஊர், மாலை, சித்தப்பா. ஒரு நோயாளிகூட இல்லை. ‘வார்டில் பயம் இருக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு ஓடிவிட்டாய். அங்கே என்ன செய்தாய்? யாரைத் தூக்கி இருத்தினாய்? யார் உன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்கள்? அதை எழுது எனக்கு. அந்த வேலை உனக்குப் பிடித்திருந்ததா, வெள்ளை உடுப்புப் பிடித்திருந்ததா என்று நீயே பார். உடுப்புத்தான் என்றால் வங்கியிலும் நல்ல உடுப்பு உண்டு. ஆனால் கணக்கு அங்கேயும் கேட்பார்கள்.

இவ்வளவு எழுதிய பிறகு, நீ கேட்டதற்கும் ஏதாவது சொல்ல வேண்டும்.

நீக்கிய கடிதத்தையும், சேரும்போது கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தையும் எடுத்து ஆறுதலாக வாசி. மேன்முறையீட்டுக்கு வழி இருந்தால் அதில் எழுதியிருக்கும். இல்லையென்றால் கல்லூரிக்கு நேரில் போய்க் கேள், ஆள் விட்டுக் கேட்காதே. சித்தப்பாவின் பணத்தைத் தொடுவதற்கு முன், அந்தத் தனியார் கல்லூரியில் படித்தவர்களை இலங்கைத் தாதியர் பேரவை பதிவு செய்கிறதா என்று பேரவையிடமே விசாரி. கல்லூரியின் விளம்பரத்திடம் விசாரிக்காதே. பதிவு இல்லையென்றால் அது சட்டகம் போட்ட கடதாசி. பதிவு இருந்தாலும் அங்கேயும் மருந்தியல் இருக்கும், அதே 42 துளி இருக்கும். அதைப் படிக்காமல் சித்தப்பாவின் இரவு முறைச் சம்பளத்தைக் கரைக்கப் போகிறாயா?

தேசியத் தொழில் தகைமையில், என்.வி.கியூ. என்கிறார்களே, பராமரிப்பாளருக்கான பயிற்சி இருக்கிறது. ஏற்கனவே கற்றதையும் செய்ததையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழியும் அந்த முறையில் உண்டு. வார்டில் நின்ற நாட்கள் வீண் போகாமல் இருக்க அது ஒரு வாசல். மாமா சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். அவருக்குப் பெயர் தெரியாது, அவ்வளவுதான். அதற்கு முன் மாங்குளம் பக்கம் ஒரு நாள் போய் வா. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து நடத்தும் உயிரிழை அமைப்பு அங்கே இருக்கிறது. உதவி செய்ய வந்தேன் என்று போகாதே. பழக வந்தேன் என்று போ.

ஜப்பான்? 2019 இல் இரண்டு அரசுகளுக்கும் இடையில் உடன்பாடு வந்ததிலிருந்து பராமரிப்பு வேலைக்கு எங்கள் பிள்ளைகள் போகலாம். ஜப்பானிய மொழிப் பரீட்சையும் பராமரிப்புத் திறன் பரீட்சையும் கேட்பார்கள். விருப்பமென்றால் படித்துவிட்டுப் போ, நான் தடுக்கவில்லை. ஆனால் அங்கே நீ செய்யப்போவதும் வயது போனவர்களைக் குளிப்பாட்டி, துடைத்து, திருப்பிக் கிடத்துவதுதான். விமானத்தில் ஏறினால் அந்த வேலையின் கேவலம் கழன்றுவிடுமா?

கல்யாணப் பேச்சைப் பற்றி நீ சொல்ல மட்டும் சொன்னாய், ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே நானும் ஒன்றும் எழுதவில்லை.

அன்புடன்,
ரீச்சர்