கரைப் பாதைக்கு எந்தச் சக்கரம்: 26, 27.5, 29?

வாசகர் கேள்வி: பாபநாசத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். வயது 36, உயரம் 163 செ.மீ., எடை 72 கிலோ. வேலைக்கு நாள்தோறும் கும்பகோணம் வரை சைக்கிளிலேயே போய்வர எண்ணியிருக்கிறேன். ஒரு வழிக்கு 13 கி.மீ. ஞாயிற்றுக்கிழமைகளில் அரசலாற்றங்கரையிலும் கொள்ளிடக் கரையிலும் சுற்றுவேன். ஆண்டுக்கு ஒருமுறை நண்பர்களோடு கொல்லிமலை ஏறவும் ஆசை. மௌண்டன் பைக் வாங்கலாம் என்று போனால், கடைக்காரர் இனி 29தான் நிற்கும் என்கிறார். அண்ணன் மகன் 27.5 வாங்குங்கள் சித்தப்பா என்கிறான். நண்பர் ஒருவர் தம்மிடம் கிடக்கும் பழைய 26ஐச் சும்மாவே தருவதாகச் சொல்கிறார். எதை எடுப்பது? 152 செ.மீ. உயரமுள்ள என் மனைவியும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதே வண்டியை ஓட்டுவார்.

பதில்: நீங்கள் கடைசியாக, போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான் இந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது. நீங்கள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால், சிறிய ஃபிரேமில் வரும் 29 அங்குல வண்டியை நான் தயங்காமல் சொல்லியிருப்பேன், 152 செ.மீ. உயரமுள்ளவரும் அதில் ஏறி இறங்க வேண்டும் என்னும்போது 27.5 வாங்குவதே சரி. ஆனால் இந்த முடிவுக்குக் காரணம் உடலளவுதானே தவிர, ஒரு சக்கரம் மண்ணில் பறக்கும், இன்னொன்று திணறும் என்பதன்று. அந்த வேறுபாடு கடையில் சொல்லப்படும் அளவுக்குப் பெரிதில்லை என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

முதலில் பெயர்களை நம்பாதீர்கள். டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 26 அங்குல மௌண்டன் பைக்கில் 559 மி.மீ., 27.5இல் 584 மி.மீ., 29இல் 622 மி.மீ. பெயரைப் பார்த்தால் 27.5 என்பது இரண்டுக்கும் நட்டநடுவில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது 26ஐவிட 25 மி.மீ. மட்டுமே பெரியது, 29ஐவிட 38 மி.மீ. சிறியது. 2.1 அங்குல டயரைப் போட்டுக் காற்றடித்த பிறகு முழுச் சக்கரத்தின் உயரம் ஏறத்தாழ 66.5, 69, 73 செ.மீ. என வரும். 27.5க்கும் 29க்கும் இடையில் அச்சின் உயரம் 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே மாறுகிறது. டயரின் பக்கவாட்டில் 54-584 என்பதுபோல் சிறிய எழுத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். வாங்கும்போதும் டயர் மாற்றும்போதும் அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கடையில் 26டி, 29டி என்று சொல்லும் ‘டி’யை வைத்துக்கொண்டு பொருத்தம் பார்க்க முடியாது, ஏனென்றால் பெண்கள் ஓட்டும் சாதாரணச் சைக்கிளில் வரும் 26 x 1⅜ டயருக்கு ரிம் 590 மி.மீ.; அதுவும் 26தான், ஆனால் உங்கள் நண்பரின் 26இல் அது ஏறாது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது 29 சக்கரத்தைப் பார்த்து ‘இதென்ன ராட்டினம்’ என்று கேட்டால், அவர்கள் காலமெல்லாம் ஓட்டிய 28 அங்குலப் பழைய சைக்கிளின் ரிம் 635 மி.மீ. என்பதைச் சொல்லுங்கள், 29இன் ரிம்மைவிட அது பெரியது. பின்கேரியரில் நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பியும் களிமண்ணுமான கரைகளில் இரண்டு மூன்று தலைமுறை ஓட்டித் தள்ளியது அந்தச் சக்கரத்தில்தான். சிறுவர்கள் சீட்டுக்குக் கால் எட்டாமல் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டதும் அதே வண்டியில்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சக்கரம் பெரிதாகும்போது யாருக்கு இடைஞ்சல் என்பதற்கு அதுவே சாட்சி.

பெரிய சக்கரத்தால் என்ன பயன்? மேட்டில் மோதும்போது அது சற்றுச் சாய்வாக ஏறுகிறது. தை, மாசியில் சம்பா அறுவடைக்கு வந்துபோன பெல்ட் வண்டியின் (பெல்ட் மாட்டிய அறுவடை இயந்திரத்தின்) தடம் ஈரக் கரையில் பதிந்து, வெயிலில் காய்ந்து, அடுக்கடுக்கான கட்டையாக இறுகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி 5 செ.மீ. எழும்பிய ஒரு கட்டையில் மோதும்போது தொடுகோணம் 29 சக்கரத்துக்கு 30.4 பாகை, 27.5க்கு 31.2 பாகை, 26க்கு 31.8 பாகை. வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. நூறு கட்டைகளை வரிசையாகக் கடந்த பிறகு மணிக்கட்டு அதை உணரவும் செய்யும். ஆனால் அதே தடத்தில் காற்றை 45இலிருந்து 30 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்து ஓட்டிப் பார்த்தால், இரண்டு சக்கரங்களுக்கு இடையிலுள்ள அந்த ஒரு பாகைக்கும் குறைவான வேறுபாடு நினைவுக்கே வராது. உங்கள் எடைக்கு, டியூப் உள்ள 2.1 அங்குல டயரில், கரைப் பாதைக்கு முன்சக்கரத்தில் 28, பின்சக்கரத்தில் 31 அளவு போதும்; தார்ச்சாலைக்கு ஏழெட்டுப் புள்ளி கூட்டிக்கொள்ளலாம். பெட்ரோல் பங்க்கில் மோட்டார் சைக்கிள் வால்வு என்றெண்ணி 50 ஏற்றிவிடுவார்கள். ஆதலால் அளவுமானி உள்ள ஒரு கைப்பம்பைச் சைக்கிளோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்; விலையுயர்ந்த சக்கரத்தைவிட அதுதான் உங்கள் சவாரியை மாற்றும்.

டெல்டாவில் சக்கரத்தின் அளவைவிட முக்கியமானது, டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையில் எவ்வளவு சந்து இருக்கிறது என்பது. மலைப்பகுதியில் எழுதப்படும் ஆலோசனைகளில் இது பெரிதாக வராது, ஏனென்றால் அங்கே கல்லும் வேரும்தான் எதிரி. நமக்கு வண்டல் களிமண். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில், முதல்நாள் பெய்த மழை நின்றுவிட்டதே என்று வெண்ணாற்றங்கரையில் 29 வண்டியில், 2.25 அங்குல டயரோடு இறங்கினேன். முதல் அரை கிலோமீட்டர் டயரில் மெலிதாக அப்பிக்கொண்ட மண், அடுத்து உதிர்ந்த வைக்கோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. களிமண்ணும் வைக்கோலும் சேர்ந்தால் சுவருக்குப் பூசும் காரைதானே. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தலைப்பகுதியில் அது அடைத்துக்கொண்டு, முன்சக்கரம் பிரேக் பிடித்ததுபோல் நின்றது. பூவரசங் குச்சியை ஒடித்துச் சுரண்டிவிட்டு ஏறினால் இருபது கஜம்கூடப் போகவில்லை. பிறகு வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மதகு வரை நடந்தேன். தார்ச்சாலைக்கு வந்ததும் காய்ந்த மண், டயரின் பட்டன் அச்சு அப்படியே பதிந்த பாளம் பாளமாக விழுந்தது.

ஆகவே கடையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரம் பெடல் பக்கமாக ஃபிரேமின் இரு கம்பிகளுக்கு நடுவே நுழையும் இடத்தில் உங்கள் சுண்டுவிரலை இரு பக்கமும் விட்டுப் பாருங்கள். தாராளமாக நுழைய வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அந்த வண்டி ஐப்பசி, கார்த்திகைக்கு ஆகாது. பெரிய சக்கரத்தைச் சிறிய ஃபிரேமில் திணித்த விலைகுறைந்த வண்டிகளில் இந்தச் சந்து பெரும்பாலும் குறைந்தே இருக்கிறது. களிமண்ணுக்கு 2.0 அல்லது 2.1 அங்குல அகலத்தில், பட்டன்கள் இடைவெளிவிட்டு அமைந்த டயர் நல்லது. பட்டன்கள் நெருக்கமாக இருந்தால் மண் உதிராது. கொள்ளிடத்தின் மணலுக்கோ வேதாரண்யம் பக்கக் கடற்கரைக்கோ இதற்கு நேர்மாறாக அகலமான டயரும் குறைந்த காற்றும் வேண்டும். ஆனால் நீங்கள் ஆற்றுக்குள் இறங்கப்போவதில்லை, கரையில்தான் போகிறீர்கள். மழை பெய்த மறுநாள் எந்தச் சக்கரமும் உதவாது, அன்றைக்குத் தார்ச்சாலைதான்.

இனி உடலளவு. ஒரே வண்டியை இருவர் ஓட்டினால் ஃபிரேம் உயரம் குறைந்தவருக்குப் பொருந்த வேண்டும். உயரமானவர் சீட்டைத் தூக்கிக்கொள்ளலாம், குள்ளமானவர் ஃபிரேமை வெட்ட முடியாது. உங்கள் மனைவியைச் செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி, கால்களுக்கிடையில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சீட்டில் உட்காருவதுபோல் அழுத்தி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். வண்டியைத் தாண்டி நிற்கும்போது மேல்பாருக்கும் உடலுக்கும் இடையில் குறைந்தது 5 செ.மீ. இருக்க வேண்டும். கரையில் எதிரே மாடு வந்தால் சட்டென்று இறங்கி நிற்க இந்த இடைவெளிதான் காப்பாற்றும். பெரிய சக்கரம் வைத்தால் முன்பகுதியும் கைப்பிடியும் உயரும். ஃபிரேமைத் தாழ்த்த வடிவமைப்பாளருக்கு இடம் குறைந்துபோகும். ட்ரெக் நிறுவனம் தன் மார்லின் வரிசையில் சிறிய ஃபிரேம்களுக்கு 27.5உம், நடுத்தர அளவு முதல் 29உமாக வைத்துத் தருவது இதனால்தான். உங்கள் இருவருக்கும் 14 அல்லது 15 அங்குல ஃபிரேம் பொருந்தும். சீட் உயரத்தில் உங்களுக்கும் அவருக்கும் ஏறத்தாழ 5 செ.மீ. வேறுபாடு வரும், ஸ்பேனர் இல்லாமல் நெம்புகோலால் தளர்த்தும் கிளாம்ப் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, சீட் குழாயில் இரண்டு இடத்தில் நகச்சாயத்தால் கோடு போட்டுவிடுங்கள். தினமும் அளந்து சண்டை போட வேண்டியிருக்காது.

இன்னொரு சோதனையும் உண்டு. சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெடலை முன்னுக்குக் கொண்டுவந்து, கைப்பிடியை அதற்கு எதிர்ப்பக்கம் முழுதாகத் திருப்புங்கள். செருப்பின் நுனி முன்டயரில் இடிக்கிறதா? சிறிய ஃபிரேமில் 29 சக்கரம் இருந்தால் இது சில வண்டிகளில் இடிக்கும். வேகமாகப் போகும்போது கைப்பிடி அவ்வளவு திரும்பாது, கவலையில்லை. மதகுக்கட்டையைச் சுற்றி மெதுவாகத் திரும்பும்போதுதான் இடித்து, வாய்க்காலில் தள்ளும்.

கடைக்காரரின் ‘29தான் நிற்கும்’ என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. புதிய விலையுயர்ந்த வண்டிகளில் பெரும்பான்மை 29தான். ஆனால் எந்த அளவும் கணிதத்தால் தீர்ந்ததில்லை. 1970களில் கலிபோர்னியாவின் மேரின் பகுதி இளைஞர்கள் மலையிலிருந்து இறங்க எடுத்துக்கொண்டது அங்கே பழையதாகக் கிடந்த தடித்த டயர் சைக்கிள்களை. அவற்றில் 26 இருந்ததால் 26 நிலைத்தது. 584 மி.மீ. என்பதும் பழைய பிரெஞ்சு அளவுதான், 27.5 என்று மறுபெயர் பெற்று வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஆண்கள் மௌண்டன் பைக் போட்டியில் தங்கம் வென்ற யாரோஸ்லாவ் குல்ஹவி 29இலும், வெள்ளி வென்ற நினோ ஷுர்ட்டர் 27.5இலும் ஓட்டினார்கள், இருவருக்கும் இடையில் ஒரு நொடி வேறுபாடுதான். முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து ஓட்டும் வண்டிகள் வந்துவிட்டதால் 584 டயர் கிடைக்காமல் போகாது. உள்ளூர்க் கடையில் 27.5 டியூப் இல்லாத நாளில் 26 மௌண்டன் பைக் டியூபை இழுத்துப் போட்டு வீடு வந்து சேரலாம் என்பது கூடுதல் வசதி.

கியர் விஷயத்தில் 27.5க்குச் சிறு சாதகம் உண்டு. ஒரே பல்லமைப்பில் 29 சக்கரம் ஒரு சுற்றுக்கு ஐந்தாறு விழுக்காடு அதிகத் தூரம் போகும், அதாவது அவ்வளவு அதிகமாக அழுத்தி மிதிக்க வேண்டும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது கும்பகோணத்திலிருந்து மாலையில் வீடு திரும்பும் 13 கி.மீ.யில் இது தெரியும். முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ள வண்டியானால், 29இல் 30 பல் மிதிப்பதும் 27.5இல் 32 பல் மிதிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதே பேச்சுதான்: ஏறுவதற்கு இலகுவான கியர், இறங்குவதற்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். அது தார்ச்சாலை, ஆகவே மலைக்கென்று பெரிய சக்கரம் தேவையில்லை. கேபிளில் இழுக்கும் விலைகுறைந்த டிஸ்க்கோடு அந்த இறக்கத்தில் இறங்க நான் உங்களை அனுப்பமாட்டேன். பணம் கொஞ்சம் மிஞ்சினால் அதைப் பிரேக்கில் போடுங்கள். மலிவான முன் ஷாக் ஃபோர்க் சமவெளியில் வெறும் பாரம்.

நண்பரின் 26ஐ வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். புதிய நல்ல ஃபோர்க்கும் ரிம்மும் இனி அதற்கு எளிதில் கிடைக்கா, அதில் செலவு செய்யவும் கூடாது. ஆனால் இரவல் வாங்கி ஒரு மாதம் இருவரும் ஓட்டுங்கள். சீட் எந்த உயரத்தில் இடுப்பு வலிக்கவில்லை, கை எட்டுகிறதா, கரையில் எத்தனை முறை சீமைக் கருவேல முள் ஏறுகிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். முள் அடிக்கடி ஏறினால் டயருக்கும் டியூபுக்கும் இடையில் வைக்கும் பட்டையோ, டியூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவமோ போட்டுக்கொள்ளலாம். நம் வெயிலில் திரவம் உலர்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஊற்ற வேண்டும். பிறகு அந்த 26இன் சீட் உயரத்தைப் பெடல் அச்சிலிருந்து இருவருக்கும் தனித்தனியே அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அவர் முதலில் ஏறிப் பார்க்கட்டும்.