பங்கு ஏட்டில் இல்லாத திருமணம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் ஆலயப் பதிவேட்டில் அவருடைய ஞானஸ்நானமும் அடக்கமும் இருக்க, திருமணம் மட்டும் இல்லை என்று படித்தேன். ஏடு தொலைந்துவிட்டதா? அவருடைய திருமணத்துக்கு வேறு சான்று உண்டா?
- கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: ஏடு பத்திரமாக இருக்கிறது. எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538 செப்டம்பரில் பிறப்பித்த ஆணையின்படி, இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கிலும் (ஓர் ஆலயத்தின் பொறுப்பில் உள்ள வட்டாரம்) அந்தந்த வாரத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குருவானவர் ஞாயிறுதோறும் ஆலயக் கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுதி, இரண்டு பூட்டுகள் கொண்ட பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. புதிய வரி போடத்தான் இந்தக் கணக்கு என்று மக்கள் அஞ்சினார்கள். தொடக்க காலத்தில் காகிதத்தில் எழுதியவற்றுள் பெரும்பகுதி சிதைந்தும் போயிற்று. ஆகவே 1598-இல், பழைய பதிவுகளைத் தோல்தாளில் பெயர்த்தெழுதவும், ஆண்டுதோறும் ஒரு படியைப் பேராயருக்கு (பிஷப்) அனுப்பவும் உத்தரவாயிற்று. முதலாம் எலிசபெத் அரசி பட்டமேறிய 1558 முதலான பதிவுகளை முக்கியமாகப் பெயர்த்தெழுதுமாறு அந்த உத்தரவு கூறியதால், பல ஏடுகள் அந்த ஆண்டிலிருந்தே தொடங்குகின்றன. ஸ்ட்ராட்ஃபோர்டு ஏடும் அவற்றுள் ஒன்று. ஷேக்ஸ்பியருடைய ஞானஸ்நானம் 1564 ஏப்ரல் 26 என்றும், அடக்கம் 1616 ஏப்ரல் 25 என்றும் அதில் பதிவாகியுள்ளன.

திருமணம் வேறொரு பங்கில் நடந்திருக்க வேண்டும்; அதனால்தான் அது இந்த ஏட்டில் இல்லை. ஆயினும் வூஸ்டர் பேராயரின் அலுவலகத்தில் எழுதப்பட்ட ஆவணங்கள், ஏட்டின் ஒற்றை வரியைவிட அதிகமாகவே நமக்குச் சொல்கின்றன. மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசித்த பிறகே, அதாவது தடை இருந்தால் சொல்லும்படி திருமணத்தை ஆலயத்தில் அறிவித்த பிறகே, மணம் முடிப்பது அன்றைய வழக்கம். மணமகனுக்கு வயது 18. மணமகள் ஆன் ஹாத்வேக்கு ஏறத்தாழ 26, அவர் கருவுற்றும் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் பல வாரங்களுக்குத் திருமணத்துக்குத் தடை உண்டு என்பதால், ஒரே முறை ஓலை வாசித்து மணம் முடிக்கப் பேராயரிடம் அனுமதி பெற்றார்கள். பின்னாளில் ஏதேனும் சட்டத் தடை வெளிப்பட்டால் பொறுப்பேற்பதாக, மணமகளின் ஊரைச் சேர்ந்த விவசாயிகள் இருவர் 1582 நவம்பர் 28 அன்று 40 பவுண்டுக்குப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய நாளின் அனுமதிப் பதிவில் மணமகள் பெயர் டெம்பிள் கிராஃப்டன் ஊரின் ஆன் வேட்லி என்று இருப்பதைக் கொண்டு, ஷேக்ஸ்பியருக்கு வேறொரு காதலி இருந்ததாகக் கதை கட்டியவர்களும் உண்டு. அதே நாளில் அந்த எழுத்தர் வேட்லி என்ற பெயருள்ள குருவானவர் ஒருவரின் வழக்கையும் பதிவு செய்திருப்பதால், இது எழுத்தரின் கைப்பிழை என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். 1583 மே 26 அன்று மூத்த மகள் சூசன்னாவின் ஞானஸ்நானம் ஸ்ட்ராட்ஃபோர்டு ஏட்டிலேயே பதிவாகிவிட்டது.

கேள்வி: இங்கிலாந்தின் பழைய திருமண ஏடுகளில் பலர் கையெழுத்துக்குப் பதிலாகக் குறி மட்டும் இட்டிருக்கிறார்களாமே? அவர்கள் எல்லோரும் எழுத்தறிவற்றவர்களா?
- ஓய்வுபெற்ற பதிவுத்துறை ஊழியர், தஞ்சாவூர்

பதில்: 1754 மார்ச் 25 வரை மணமக்கள் கையெழுத்திட வேண்டிய கட்டாயமே இல்லை, பெரும்பாலும் தேதியும் இரு பெயர்களும் மட்டுமே எழுதப்பட்டன. லண்டனில் ஃபிளீட் சிறைச்சாலையைச் சுற்றி, ஓலையும் வாசிக்காமல் அனுமதியும் பெறாமல் ரகசியத் திருமணங்கள் பெருகியதால், ஹார்ட்விக் பிரபு 1753-இல் கொண்டுவந்த சட்டம் ஓலை அல்லது அனுமதி, இரண்டு சாட்சிகள், மணமக்களின் கையெழுத்து ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. யூதர்களுக்கும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் விலக்களித்த அச்சட்டம், கத்தோலிக்கர்களை 1837 வரை ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயத்திலேயே மணம் முடிக்க வைத்தது பெரும் அநீதி. ஆனாலும் கூலி வேலை செய்தவர்கள் தங்கள் கையாலேயே விட்டுச்சென்ற ஒரே தடயம் பல குடும்பங்களில் கையெழுத்துக்குப் பதிலாக இட்ட அந்தச் சிலுவைக் குறிதான் என்பதால், அந்தப் பக்கங்கள் எனக்கு மிகவும் மதிப்புக்குரியவை.

குறி இட்டவர்கள் எல்லோரும் வாசிக்கத் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அக்காலத்தில் முதலில் வாசிக்கக் கற்பித்து, எழுதுவதைப் பிறகே கற்பித்தார்கள். இடையில் படிப்பை நிறுத்தியவர்கள் வேதாகமத்தை வாசிப்பார்கள், ஆனால் எழுதத் தெரியாது. ஹாம்ப்ஷயரிலுள்ள ஸ்டீவன்டன் பங்கின் திருமண ஏட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். புதிய சட்டத்தை ஒட்டி அச்சிடப்பட்ட அந்த ஏட்டில் மாதிரிப் படிவங்களுக்கென ஒரு பக்கம் இருந்தது. அப்பங்கின் குருவானவருடைய மகளும் பின்னாளில் நாவலாசிரியருமான ஜேன் ஆஸ்டின், இளம் வயதில் அப்பக்கத்தில் தனக்குக் கற்பனை மணமகன்களின் பெயர்களை எழுதி நிரப்பியிருக்கிறார்.

கேள்வி: திருமண ஏட்டைக் கொண்டு மணமகளின் தாயார் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் முடியாது. 1837 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த படிவம் மணமக்களின் வயது, தொழில், தந்தையின் பெயர், தந்தையின் தொழில் ஆகியவற்றைக் கேட்டது; தாயின் பெயருக்கு அதில் இடமே தரவில்லை. 2021 மே 4 அன்றுதான் அந்தக் குறை நீங்கியது. நீங்கள் தேடும் மணமகள் 1813-க்குப் பின் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால், அந்த ஞானஸ்நான ஏட்டைத் தேடுங்கள். அவ்வாண்டு முதல் பயன்பட்ட அச்சுப் படிவத்தில் பெற்றோர் இருவரின் பெயர்களுக்கும் இடம் உண்டு.